அப்பாவின் மசே நிதியும் மகளின் படிப்புக் கடனும்

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் வீட்டில் கேள்வி வந்துவிடும்: "பீஸ எதுல கட்டுறது? அப்பா சிபிஎஃப்லயா, லோன் போட்டா?" சிபிஎஃப் என்பதுதான் மசே நிதி, அதாவது வேலை செய்வோரின் கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதி. சிங்கப்பூரில் இரண்டுமே அரசாங்கத் திட்டங்கள்தாம். பணம் எங்கிருந்து புறப்பட்டு எங்கே திரும்புகிறது என்பதில்தான் வேறுபாடு.

கல்வி அமைச்சின் கல்விக் கட்டணக் கடன், அரசாங்க மானியம் கழித்த கட்டணத்தில் 90 விழுக்காடு வரை தருகிறது. படிக்கும்வரை வட்டி கிடையாது. அந்த வட்டியை அரசாங்கம் சுமக்கிறது.

1989ல் தொடங்கிய மசே நிதிக் கல்வித் திட்டம் வேறு வகை. மசே நிதியில் வீடு, படிப்பு போன்றவற்றுக்குப் பயன்படுத்தக்கூடிய பகுதி சாதாரணக் கணக்கு. பெற்றோரின் அந்தக் கணக்கில் சேர்ந்ததில் 40 விழுக்காடு வரை எடுக்கலாம். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஏறும். ஒவ்வோர் ஆண்டு தொடக்கத்திலும் 7,500 வெள்ளியாக (சிங்கப்பூர் டாலர்) நான்கு ஆண்டுகள் எடுத்தால், ஆண்டுக்கு 2.5 விழுக்காட்டில் படிப்பு முடியும்போது 30,000 வெள்ளி சுமார் 31,900 ஆகியிருக்கும். படிப்பு முடிந்து ஓராண்டில் மகள் தவணையைத் தொடங்க வேண்டும். 12 ஆண்டுகளுக்குப் பிரித்தால் மாதம் ஏறக்குறைய 260 வெள்ளி. அது அப்பாவின் கணக்குக்கே போகிறது.

கணக்கில் கிடந்திருந்தால் அந்தப் பணம் ஈட்டியிருக்கும் வட்டியும் அதே 2.5தான். மகள் ஒழுங்காகக் கட்டினால் யாருக்கும் நட்டமில்லை, அரசாங்கம் இட்டு நிரப்ப எதுவுமில்லை. இங்கிலாந்தின் மாணவர் கடனிலோ, வருமானம் குறைந்தவர்கள் கட்டாமல் விட்ட மிச்சம் 30 அல்லது 40 ஆண்டுகளில் தள்ளுபடியாகிறது. பாரம் வரி கட்டுவோருக்கு. இங்கே கடன் சிறிதாக இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு: கட்டணத்தின் பெரும்பகுதியை முன்பே மானியம் ஏற்றுக்கொள்கிறது. மசே நிதிக் கல்வித் திட்டம் தள்ளாடாமல் நிற்பதற்கு வட்டி விகிதத்தைவிட அந்த மானியமே பெரிய காரணம் என்பேன்.

ஆனால் நட்டம் வந்தால் அது எங்கே விழும் என்பதையும் சொல்லியாக வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தவணை போவதும் பல குடும்பங்களில் அதே சாதாரணக் கணக்கிலிருந்துதான். 55 வயதில் ஓய்வுக் கணக்குக்கு முதலில் சிறப்புக் கணக்குச் சேமிப்பு மாறும், அது போதாவிட்டால் சாதாரணக் கணக்கில் எஞ்சுவதும் மாறும். 55 வயதாகி, ஓய்வுக்காலத்துக்கென விதிக்கப்பட்ட தொகையையும் ஒதுக்கி வைத்துவிட்ட தந்தை, பாக்கியைத் தள்ளுபடி செய்ய விண்ணப்பிக்கலாம். அந்த அளவுக்குச் சேராதவருக்கு, மகள் கட்டாமல் விட்ட ஒவ்வொரு தவணையும் 65 வயதுக்குப் பிறகு வரும் மாதத் தொகையில் குறைகிறது.