ரெஃபரன்ஸ்: தமிழில் உட்குறிப்பு

சிட்காம் எனப்படும் சூழல் நகைச்சுவைத் தொடர்களைப் பற்றிய பேச்சில் 'ரெஃபரன்ஸ்' என்ற சொல் அடிக்கடி அடிபடுகிறது. பேச்சிலோ உடையிலோ பின்னணி இசையிலோ வேறொரு படைப்பு தலைகாட்டுவதையே அது குறிக்கிறது.

சொல்லின் வேர் லத்தீன் 'ரெஃபெர்ரே'. திருப்பிக் கொண்டுபோதல் என்று பொருள். திறனாய்வாளர்கள் இதையொட்டி ஆளும் 'அல்யூஷன்' எனக்கு இன்னும் பிடித்த சொல். 'விளையாடு' என்ற பொருளுடைய 'லூதெரே'யிலிருந்து கிளைத்தது அது. நல்ல நகைச்சுவைத் தொடரில் நடப்பதும் விளையாட்டுதான்.

அமெரிக்கத் தொடரான 'சைன்ஃபெல்ட்'டில் 1992ஆம் ஆண்டு ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தைப் பாருங்கள். ஜெர்ரி, எலைன், கிரேமர் முதலிய நண்பர்கள் 'பால்யாச்சி' என்ற ஆப்பெராவுக்கு, அதாவது பாடியே நடிக்கும் மேடை இசைநாடகத்துக்கு, கிளம்புகிறார்கள். எலைன் விட்டு விலகிய ஜோ டவோலா, கோமாளி வேடத்தில் அங்கே வந்து நிற்கிறான். லியோன்கவாலோ இயற்றி 1892இல் மிலான் நகரில் அரங்கேறிய அந்த ஆப்பெராவில், கோமாளி வேடம் கட்டிய கணவன் மனைவியை மேடையிலேயே குத்திக் கொல்கிறான். கதை அறிந்தவருக்கு அந்த வேடத்தைக் கண்டதும் வயிற்றைக் கலக்கும். அறியாதவருக்கும் காட்சி கெடுவதில்லை. கிரேமருக்குக் கோமாளி என்றாலே பயம் என்பது போதும். அதே அத்தியாயத்தில் ஜெர்ரி 'பக்ஸ் பன்னி' கார்ட்டூன் பாட்டைப் பாட, அவனுடைய உயர்கலை அறிவெல்லாம் கார்ட்டூனிலிருந்து வந்ததுதானா என்று எலைன் நொந்துகொள்கிறாள். உயர்கலையும் கார்ட்டூனும் ஒரே இடத்தில் மோதுவதில்தான் சிரிப்பே பிறக்கிறது.

இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? 'மேற்கோள்' பொருந்தாது, மேற்கோள் பிறர் சொல்லை அப்படியே எடுத்துக்காட்டுவது. நூலகத்தில் ரெஃபரன்ஸ் நூலைப் பார்வை நூல் என்கிறோம். அந்தப் 'பார்வை'யும் இங்கே உதவாது. 'மறைகுறிப்பு' என்பாரும் உண்டு. ஆனால் இங்கே எதுவும் மறைக்கப்படவில்லை, எல்லாம் கண்முன்னேதான் இருக்கிறது.

'உட்குறிப்பு' என்பதே சரியான சொல் என்பேன். சொல்லின் பொருள் வெளிப்படையாக நிற்பதும் உண்டு, குறிப்பால் தோன்றுவதும் உண்டு என்று தொல்காப்பியம் இரண்டாகப் பிரித்துவிட்டது. அந்தக் 'குறிப்பு'க்கு முன்னால் 'உள்' சேர்ந்தால், ஒரு படைப்புக்குள் இன்னொன்று ஒலிப்பதைச் சொல்லிவிடலாம். உட்கருத்து என்ற பொருளில் இச்சொல் முன்பே வழங்குவதால், எதைச் சுட்டுகிறது என்பதையும் சேர்த்து 'பால்யாச்சி பற்றிய உட்குறிப்பு' என எழுதினால் குழப்பம் வராது.

இசையில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 'இசைக்குறிப்பு' என்றால் ஸ்வரங்களை எழுதிவைத்த தாள் நினைவுக்கு வரும். பாடல் வரி எதுவும் இல்லாமல், நாலு ஸ்வரங்களாலேயே பழைய பாட்டொன்றை நினைவூட்டும் இடத்தை 'இசைவழி உட்குறிப்பு' என்று எழுதலாம்.