மானின் கண்ணில் எரிந்த விளக்கு எங்கே போனது?

கோடை விடுமுறையில் சிங்கப்பூர் போய்வந்த வாசகர் ஒருவர் இப்படி ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்: "மைசூரிலிருந்து முதுமலை வழியாக வரும்போது, பஸ்ஸின் வெளிச்சம் பட்டதும் புள்ளிமான் கூட்டத்தின் கண்கள் அத்தனையும் பச்சை விளக்குப் போட்டதுபோல எரிந்தன. சிங்கப்பூர் நைட் சஃபாரியில் அதே புள்ளிமான் பத்தடி தூரத்தில் நின்றது. கண்ணில் ஒரு மினுக்கமும் இல்லை. கூண்டில் வளர்ந்தால் கண்ணொளி மங்கிவிடுமா?"

இதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நைட் சஃபாரிக்குப் போன பலரும் இதைப் பார்த்திருப்பார்கள், ஆனால் கேள்வியாகக் கேட்கத் தோன்றியது இவருக்குத்தான். மானின் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. முதுமலை மானுக்கும் சிங்கப்பூர் மானுக்கும் ஒரே கண்தான். மாறியது விளக்கு இருந்த இடம்.

அந்த இடத்தைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். சிங்கப்பூரின் மண்டாய் பகுதியில், 35 ஹெக்டேர் காட்டுக்குள், 1994-இல் திறக்கப்பட்டது நைட் சஃபாரி. இரவில் மட்டுமே பார்ப்பதற்கென்று கட்டிய உலகின் முதல் விலங்குக் காட்சிசாலை அதுதான். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே வருஷம் பூராவும் ஏழு மணி சுமாருக்கு இருட்டிவிடும். அதற்கப்புறம் டிராமில் உட்கார்ந்தால் வழிகாட்டி தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே வருவார்: இதோ வரிக் கழுதைப்புலி, அதோ கரடி. நடுவே கம்பி வேலி கண்ணுக்குத் தெரியாது. அகழியை மறைவாக வெட்டி வைத்திருக்கிறார்கள். நடந்து போகிற பாதைகளும் உண்டு. அங்கே மீன்பிடிப் பூனை, சருகுமான் போன்ற சின்ன விலங்குகளை நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

ஏறி உட்கார்ந்த முதல் பத்து நிமிஷம் பலருக்கும் ஏமாற்றமாக இருக்கும். எல்லாம் கறுப்பாகத் தெரியும். காரணம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். விழித்திரையில் இரண்டு வகை செல்கள். கூம்பு செல்கள் பகலுக்கும் நிறத்துக்கும், குச்சி செல்கள் இருட்டுக்கு. குச்சி செல்லுக்குள் ரோடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அது வெளுத்துப் போகும், மறுபடி ஊற இருபது முப்பது நிமிஷம் ஆகும். அதுவரை பொறுத்திருந்தால், ஒன்றுமே இல்லை என்று நினைத்த புதருக்குள் ஒரு காது அசைவது தெரியும். நடுவில் ஒருமுறை செல்போனை எடுத்து மெசேஜ் பார்த்தீர்களோ, ஊறியதில் கொஞ்சம் போச்சு. குச்சி செல்கள் அவ்வளவு நுட்பமானவை. ஒரே ஒரு ஃபோட்டான், அதாவது ஒற்றை ஒளித்துகள், பட்டாலும் ஒரு குச்சி செல் பதில் கொடுக்கும்.

சரி, இப்போது மானின் கண்ணுக்கு வருவோம்.

நம் கண்ணுக்குள் நுழையும் ஒளி முழுவதையும் விழித்திரை பிடித்துவிடுவதில்லை. ஒரு பகுதி தப்பித்துப் பின்னால் போகும். அங்கே இருக்கும் கறுப்பு நிறமி அதை உறிஞ்சிக்கொள்ளும். பகலில் நடமாடுகிற நமக்கு அது போதும். இரவில் மேய்கிற, இரவில் வேட்டையாடுகிற விலங்குக்கு ஒவ்வொரு துளி வெளிச்சமும் காசு மாதிரி. அதனால் மான், மாடு, பூனை, நாய், தேவாங்கு போன்றவற்றின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல் மின்னும் ஒரு படலம் இருக்கிறது. டபீட்டம் லூசிடம் என்று பெயர். லத்தீனில் 'ஒளிரும் விரிப்பு'. முதல் தடவை குச்சி செல்களிடம் சிக்காமல் தப்பிய ஒளியை அது திருப்பி அனுப்புகிறது, செல்களுக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடைக்கிறது. அதிலும் சிக்காமல் வெளியே வந்துவிடுகிற மிச்சம்தான் நாம் பார்க்கிற பச்சை நெருப்பு.

இதுவரை பாடப்புத்தகத்திலேயே இருக்கும். எனக்கு ஆசையான பகுதி இனிமேல்தான்.

கேரம் போர்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரைக்கரைச் சாய்வாக அடித்தால், கட்டையில் பட்டு அதே சாய்வில் எதிர்ப்பக்கம் போகும். முகம் பார்க்கும் கண்ணாடியும் இதைத்தான் செய்கிறது. இப்போது ஒரு விசித்திரமான கட்டையைக் கற்பனை செய்யுங்கள். எந்தச் சாய்வில் அடித்தாலும் ஸ்ட்ரைக்கர் போன வழியிலேயே திரும்பி உங்கள் விரலுக்கே வந்து சேருகிறது. மானின் கண் அப்படிப்பட்ட கட்டை.

எப்படி? தூரத்து விளக்கிலிருந்து வரும் கதிர்கள் ஏறக்குறைய இணையாக வருகின்றன. கண்ணின் லென்ஸ் அவற்றைக் குவித்து, பின்னால் ஒரு புள்ளியில் சேர்க்கிறது. அந்தப் புள்ளியில் பளபளக்கும் விரிப்பு. அங்கிருந்து ஒளி சிதறிக் கிளம்பி மறுபடி அதே லென்ஸ் வழியாக வெளியே வர வேண்டும். ஒளி எந்தப் பாதையில் போனதோ அதே பாதையில் திரும்பி வரவும் முடியும் என்பது ஒளியியலின் பழைய விதி. ஆக, குவித்த லென்ஸே திரும்பும்போது கதிர்களை இணையாக்கி, வந்த திசைக்கே அனுப்பிவிடுகிறது. மான் தலையைக் கொஞ்சம் திருப்பினாலும் கதை மாறாது. புள்ளி விரிப்பில் வேறு இடத்தில் விழும், ஒளி மட்டும் விளக்கை நோக்கியே திரும்பும்.

விளக்கை நோக்கி. வாசகரின் கேள்விக்கு விடை இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. திரும்பி வருகிற ஒளிக்கற்றை மிகக் குறுகலானது. அதைப் பார்க்க வேண்டுமானால் நம் கண் விளக்குக்கு ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். பஸ்ஸின் முன்விளக்கு உங்கள் கண்ணுக்கு ஒன்றரை மீட்டர் கீழே இருக்கிறது, மான் 100 மீட்டர் தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மானிடமிருந்து பார்த்தால் விளக்குக்கும் உங்கள் கண்ணுக்கும் இடையே ஒரு டிகிரிகூட இல்லை. எரிகிறது. நைட் சஃபாரியில் விளக்குகள் உயரத்தில் இருக்கின்றன. நிலா வெளிச்சம்போல மேலிருந்து தணிவாக விழும்படி அதை அமைத்தவர் சைமன் கார்டர் என்ற பிரிட்டிஷ் ஒளியமைப்பாளர். மானின் கண்ணுக்குள் போன ஒளி அந்த உயரத்துக்கே திரும்பிப் போகிறது. மர உச்சியில் யாராவது உட்கார்ந்திருந்தால், மான் அண்ணாந்து பார்க்கும்போது அவருக்குத் தெரியும். டிராமில் இருக்கிற நமக்குத் தெரியாது.

எனக்கு இது புரிந்தது எங்கள் பாட்டி வீட்டுத் தொழுவத்தில். கரண்ட் போன ஒரு ராத்திரி, கன்று அவிழ்த்துக்கொண்டதா என்று பார்க்க டார்ச்சோடு போனேன். டார்ச்சைக் காதோரம் உயர்த்திப் பிடித்திருந்தேன். இருட்டில் படுத்திருந்த பசு தலையைத் திருப்பியதும் இரண்டு நீலப்பச்சை வட்டங்கள், ஓரம் தெளிவாக, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தெரிந்தன. கையை இடுப்புக்கு இறக்கினேன். வெளிச்சம் பசுவின் முகத்தில்தான் விழுந்தது, நெற்றிச் சுழிகூடத் தெரிந்தது, ஆனால் வட்டங்கள் அணைந்துவிட்டன. உயர்த்தினால் எரியும், இறக்கினால் அணையும். கன்றை மறந்து பத்து நிமிஷம் இதையே செய்துகொண்டிருந்தேன். பசு பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

சாலை நடுவே பதித்திருக்கிற ஒளிரும் குமிழ்களும் இந்தத் தத்துவம்தான். இங்கிலாந்தின் பெர்சி ஷா 1934-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆங்கிலத்தில் அதற்குப் பூனைக்கண் என்றே பெயர்.

அந்த விரிப்பு எதனால் ஆனது என்று பார்த்தால் இன்னும் ஆச்சரியம். உலோகம் பூசிய கண்ணாடி அங்கே இல்லை. மாடு, மானில் அது கொலாஜன் நார். நம் தோலிலும் தசைநாணிலும் இருக்கும் அதே புரதம், சீரான இடைவெளியில் பாய் முடைந்ததுபோல் அடுக்கியிருக்கிறது. நாய், பூனையில் துத்தநாகம் நிறைந்த நுண்குச்சிகள். மீனிலும் முதலையிலும் குவானின் படிகங்கள், டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான அதே குவானின். தேவாங்குக்கு நெருங்கிய ஓர் இரவு விலங்கின் கண்ணை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் அன்டோனெட் பிரீ ஆராய்ந்து 1959-இல் எழுதியதைப் படித்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த விரிப்பு ரைபோஃப்ளேவின் படிகத்தால் ஆனது. வைட்டமின் பி2. பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டால் சிறுநீர் மஞ்சளாகிறதே, அந்த மஞ்சள்தான்.

கொலாஜனுக்கு நிறமில்லை. அப்புறம் பச்சை எங்கிருந்து வருகிறது? மழைநாளில் பெட்ரோல் பங்க் வாசலில் தேங்கிய தண்ணீரில் எண்ணெய்ப் படலம் வானவில்லாக மின்னுமே, மயில் தோகை நீலமாகத் தெரியுமே, அதே வழி. நார் அடுக்குகளின் இடைவெளி எந்த அலைநீளத்துக்கு ஒத்துப்போகிறதோ அந்த நிறம் பலமாகத் திரும்பும். இடைவெளி குறைந்தால் நிறம் நீலத்துக்கு நகரும்.

நார்வேயின் வடகோடியில் குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியன் உதிக்காது. அங்கே மேயும் ரெயின்டீர் மான்களின் விரிப்பு கோடையில் பொன்னிறம், குளிர்காலத்தில் கருநீலம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் கிளென் ஜெஃப்ரியும் நார்வேயின் ட்ரோம்சோ ஆய்வாளர்களும் 2013-இல் இதை வெளியிட்டார்கள். அவர்கள் தந்த விளக்கம் இது: மாதக்கணக்காக இருட்டு என்பதால் கண்பாவை விரிந்தபடியே இருக்கிறது. விரிந்த பாவை கண்ணுக்குள் ஊறும் நீர் வடிகிற வழியை நெருக்குகிறது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தில் கொலாஜன் நார்களுக்கு நடுவில் இருக்கும் நீர் பிழிந்து வெளியேற, நார்கள் நெருங்குகின்றன, நிறம் நீலமாகிறது. துருவ அந்திப்பொழுதில் மிஞ்சியிருக்கும் வெளிச்சமும் பெரும்பாலும் நீலம்தான். கண்ணின் கூர்மை கொஞ்சம் கெடும். திரும்பும் ஒளி சிதறிப் படத்தை மங்கலாக்கும். இருட்டில் ஓநாய் வருவதைத் தெரிந்துகொள்ள அந்த விலை பரவாயில்லை. கண்ணில் நீர் அழுத்தம் ஏறினால் மனிதனுக்குக் குளுக்கோமா வரலாம், பார்வையே போகும் நோய். அதே அழுத்தத்தை ஒரு மான் வருஷாவருஷம் கருவியாக்கிக்கொள்கிறது. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

'மான் கண்ணின் நிறத்தை ஆராய்ந்து யாருக்கு என்ன லாபம்?' என்று கேட்பவர்களுக்கு நம் ஊர்த் தேவாங்கைக் காட்டுவேன். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் மலையைச் சுற்றி 11,806 ஹெக்டேர் காட்டைத் தேவாங்குச் சரணாலயமாக 2022 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம். உள்ளங்கையில் அடங்குகிற, கால் கிலோ சுமார் எடையுள்ள, சத்தமில்லாமல் கிளையோடு கிளையாக நகர்கிற பிராணி எத்தனை இருக்கிறது என்று எப்படி எண்ணுவது? நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, அதற்குச் சிவப்புத் தாள் ஒட்டி, ராத்திரி முழுக்க நடந்து, மரங்களுக்குள் எரியும் ஜோடிக் கண்களை எண்ணுகிறார்கள். சிவப்பு ஒளி இரவு விலங்கின் கண்ணை அதிகம் உறுத்தாது. விளக்கு நெற்றியில் ஏன் இருக்க வேண்டும் என்பது இப்போது உங்களுக்கே தெரியும். ஒரு சரணாலயம் எழுவதற்குப் பின்னால் அந்த மின்னுகிற விரிப்பு இருக்கிறது. இப்படி இரவில் நடக்கிற ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகை மாதாமாதம் ஒழுங்காகக் கையில் கிடைக்க வேண்டும். அதைக் கேட்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

இன்னொரு பக்கம், அதே கண்ணுக்காகத்தான் தேவாங்கு கொல்லவும் பட்டது. அந்தப் பெரிய கண்ணில் மருந்து இருக்கிறது, வசியம் இருக்கிறது என்று நம்பிப் பிடித்தார்கள், கூண்டில் அடைத்துக் குறி சொல்ல வைத்தார்கள். மெலிந்த ஆளைத் 'தேவாங்கு மாதிரி' என்று திட்டுகிறோம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வைத்து அரசு காக்கிற உயிர் அது. இருட்டில் எரிகிற கண்ணைப் பார்த்துக் கொள்ளிவாய்ப் பிசாசு என்று பயந்த என் தாத்தாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குச் சொல்ல ஆளில்லை. இன்று நமக்குத் தெரியும். தெரிந்த பிறகும் ஒரு பிராணியின் கண்ணைத் தோண்டி விற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

சிங்கப்பூருக்குத் திரும்புவோம். நைட் சஃபாரியில் ஃபிளாஷ் அடிக்கக் கூடாது என்று வழிகாட்டி திரும்பத் திரும்பச் சொல்வார். செல்போனில் ஃபிளாஷும் கேமராவும் ஒரு விரல் இடைவெளியில் இருப்பதால், அடித்தால் மானின் கண் படத்தில் எரியத்தான் செய்யும். ஆனால் அந்த மானின் ரோடாப்சினில் ஒரு பகுதி ஒரு நொடியில் வெளுத்துவிடும். அது மறுபடி ஊறும்வரை அந்த மான் இருட்டில் தடுமாறக்கூடும். அதற்குள் அடுத்த டிராம் வந்துவிடும். தயவுசெய்து அடிக்காதீர்கள்.

கண்ணொளியைப் பார்க்க வாசகர் விமானம் ஏற வேண்டியதில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் புல்தரை இருந்தால் போதும். மழை விட்டு ஓரிரண்டு நாள் கழித்து, இருட்டிய பிறகு, டார்ச்சைக் காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பத்தடி தூரத்துப் புல்லைப் பாருங்கள். குண்டூசித் தலையைவிடச் சின்னதாக நீலப்பச்சைப் பொட்டுகள் மின்னும். பனித்துளியும் மின்னும்தான், ஆனால் அது வெள்ளை. பச்சைப் பொட்டைக் கண்ணிலிருந்து விடாமல், டார்ச்சை இறக்காமல், மெதுவாக நடந்துபோய்க் குனியுங்கள். ஓநாய்ச் சிலந்தி ஒன்று உட்கார்ந்திருக்கும். அதற்கும் கண்ணுக்குள் விரிப்பு உண்டு. அதிர்ஷ்டம் இருந்தால் அது தாய்ச் சிலந்தியாக இருக்கும். முட்டையிலிருந்து வந்த குஞ்சுகளை அது முதுகில் சுமந்துகொண்டுதான் திரியும். அப்போது அந்த முதுகு முழுக்க, தூசி அளவுக்கு, ஒவ்வொரு குஞ்சின் கண்ணும் தனித்தனியாக எரிவது தெரியும்.