பழியை மிஷின் மேல் போடாதீர்கள்

தையல் வேலை பார்க்கும் பெண்ணுக்கு உடம்பில் எது வந்தாலும் அதற்கு ஒரு காரணம் தயாராக இருக்கிறது. முதுகு வலித்தால் ஸ்டூல். கால் வீங்கினால் மிதி. கண் மங்கினால் ஊசியில் நூல் கோத்தது. விரல் மரத்தால் கத்தரிக்கோல். உடம்பு அரித்தால் துணித் தூசி. மற்ற நாளில் இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வயிற்றில் இரண்டு பிள்ளைகள் இருக்கும்போது மட்டும் இதை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது.

பழைய வண்ணாரப்பேட்டையில் மகப்பேறு மருத்துவராக இருக்கிறேன். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, தண்டையார்பேட்டை என்று சுற்றுவட்டாரத்திலிருந்து செக்கப்புக்கு வருபவர்களில் பீஸ் ரேட்டுக்கு நைட்டி, உள்பாவாடை தைப்பவர்கள், பிளவுஸுக்கு ஹெம்மிங் செய்து கொக்கி வைப்பவர்கள், ஆரி ஸ்டாண்டின் முன் சம்மணம் போட்டுக் கல்லும் மணியும் கோப்பவர்கள் நிறைய. ஸ்கேனில் இரட்டை என்று தெரிந்ததும் வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “டாக்டர், மிஷின் மிதிக்கலாமா?” நான் வாயைத் திறப்பதற்குள் கூட வந்த மாமியார் தீர்ப்பே சொல்லிவிடுவார்: “இனிமே மிஷின் பக்கமே போவக் கூடாது. படுத்தே கெட.”

மிதிக்கலாம். வேறு சிக்கல் எதுவும் இல்லை, டாக்டர் தடுக்கவில்லை என்றால் தாராளமாக மிதிக்கலாம். இரட்டை என்பதற்காக மட்டும் படுக்கையிலேயே கிடப்பதால் குறைப்பிரசவம் தள்ளிப்போவதில்லை என்று ஆய்வுகள் பலமுறை காட்டிவிட்டன. அதனால் வரும் கெடுதல்தான் உறுதி: தசை தளரும், காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடும். மிஷின் பிள்ளையை ஒன்றும் செய்யாது. மற்ற தொந்தரவுகளை எல்லாம் தன் பேரில் எழுதிக்கொண்டு மறைத்துவிடும் என்பதுதான் என் பயம்.

முதுகு வலியையே எடுத்துக்கொள்வோம். இரட்டையர்களில் பாதிக்கும் மேல் 37 வாரம் முடியும் முன்பே பிறந்துவிடுகிறார்கள். இந்தப் பிரசவ வலி பல பேருக்கு அடிவயிற்றில் தொடங்குவதில்லை. இடுப்பின் பின்பக்கம், உட்கார்ந்து தைக்கும்போது பிடிக்கும் அதே இடத்தில் தொடங்குகிறது. “நேத்து முப்பது பீஸ் முடிச்சேன், அதான்” என்று சூடான எண்ணெய் தேய்த்துப் படுத்துவிடுகிறார்கள். வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஸ்டூலால் வந்த வலி எழுந்து நடந்தால், ஒருக்களித்துப் படுத்தால் குறையும். பிரசவ வலி நீங்கள் என்ன செய்தாலும் தன் போக்கில் ஏறும், இறங்கும், திரும்ப வரும். வலிக்கும் நேரத்தில் வயிற்றில் கை வைத்துப் பாருங்கள். இறுகி, பிறகு தளர்கிறதா? ஒரு மணி நேரத்தில் நாலைந்து முறை அப்படி ஆனால், நீர் கசிந்தால், துளி ரத்தம் பட்டாலும், கையில் இருக்கும் பீஸை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

அவசரம் ஏன் என்றால், குறைமாதத்தில் பிறக்கப்போகும் பிள்ளைகளின் நுரையீரல் பக்குவப்பட ஒரு ஸ்டீராய்டு ஊசி போடுகிறோம். அது முழுப் பலன் தர ஒரு நாளாவது வேண்டும். வலி முற்றிய பிறகு வந்தால் அந்த ஒரு நாள் கிடைப்பதில்லை. எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் இருப்பவர்கள் கண்டெய்னர் லாரி வரிசை கட்டி நிற்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 108-ஐக் கூப்பிடத் தயங்க வேண்டாம். பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரி எது என்று ஆறாம் மாதத்திலேயே முடிவு செய்திருக்க வேண்டும்.

அடுத்து கண். ஒற்றைப் பிள்ளையைவிட இரட்டையில் ரத்த அழுத்தம் ஏறும் பேறுகால நோய் இரண்டு மூன்று மடங்கு அதிகம். அதன் அறிகுறிகள்: தலைவலி, கண் முன் பூச்சி பறப்பது, நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென்று ஊதுவது. “ராத்திரி கறுப்புத் துணி தைச்சேன், கண்ணு கூசுது” என்று ஒருவர் சொன்னபோது பிபி பார்த்தோம். அன்றே அட்மிஷன் போட வேண்டியதாயிற்று. 140/90 தொட்டாலே அலட்சியம் கூடாது. உங்கள் ஏரியா நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிபி இலவசமாகப் பார்ப்பார்கள்.

அரிப்பு விஷயத்தில் ஏமாறாதவர்கள் குறைவு. கடைசி மூன்று மாதத்தில் தடிப்பே இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்து, ராத்திரி தூங்க விடாமல் செய்தால் அது பாலியஸ்டர் அலர்ஜியாக இல்லாமல் இருக்கலாம். பித்த நீர் சரியாக வடியாமல் ரத்தத்தில் சேர்வதாலும் அப்படி அரிக்கும். இரட்டைக் கர்ப்பத்தில் இது கூடுதலாக வருகிறது, பிள்ளைகளைப் பாதிக்கக்கூடியதும்கூட. மெடிக்கலில் அலர்ஜி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காலம் கடத்தாமல் ரத்தப் பரிசோதனைக்கு வாருங்கள்.

கால் வீக்கம் இரண்டு காலிலும் சமமாக, மாலையில் வந்து காலையில் வடிந்தால் பரவாயில்லை. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாக வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே காட்ட வேண்டும். விரல் மரப்பது மட்டும் நிஜமாகவே சாதாரண விஷயம். மணிக்கட்டில் நீர் கோத்து நரம்பை அழுத்துகிறது. பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் போய்விடும்.

ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டையர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இந்த வகையா என்பது 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில்தான் தெளிவாகத் தெரியும், ரிப்போர்ட்டில் அது எழுதியிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இவர்களுக்கு 16 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் அவசியம். இடையில் வயிறு சில நாட்களுக்குள் மளமளவென்று பெருத்து மூச்சு முட்டினால் அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். இன்ச் டேப் கழுத்தில் தொங்குபவர்களுக்கு இது மற்றவர்களுக்கு முன்பே தெரிந்துவிடும்.

சரி, எப்படித் தைப்பது? 32 வாரத்திலேயே இரட்டை வயிறு ஒற்றைப் பிள்ளையின் நிறைமாத அளவை நெருங்கிவிடும். மிஷினுக்கும் உங்களுக்கும் நடுவில் வயிறு வந்துவிடுவதால் கை எட்டி, முதுகு வளைகிறது. ஸ்டூலைத் தூக்கிவிட்டு முதுகு சாயும் நாற்காலி போடுங்கள், உயரம் போதாவிட்டால் கீழே மடித்த போர்வை. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு அடி நடக்க வேண்டும். மோட்டார் மிஷினில் ஒரே காலை அசையாமல் அழுத்தி வைத்திருப்பதைவிட, பழைய கால்மிதி மிஷினில் கணுக்கால் அசைவது நல்லது என்பது என் அபிப்பிராயம். தொடை இடுக்கு வலிக்க ஆரம்பித்தால் அதையும் விட்டுவிடுங்கள். தரையில் குனிந்து துணி வெட்டுவதை வேறு யாரிடமாவது கொடுங்கள். ஆரி வேலைக்காரர்கள் ஸ்டாண்டை மேஜை உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளலாம். கல் ஒட்டும் கம்மை ஜன்னல் இல்லாத அறையில் பயன்படுத்தாதீர்கள்.

ஷீட் கூரை வீட்டில் மே மாதம் பள்ளி யூனிஃபார்ம் சீசன், பக்கத்தில் அயர்ன் பாக்ஸ். அந்த வெக்கையிலும், பாத்ரூம் பொதுவாக இருப்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்று வந்தால் அதுவே குறைப்பிரசவத்துக்கு வழி. இன்னொன்று டீ. ஒவ்வொரு பத்து பீஸுக்கும் ஒரு டீ குடித்துக்கொண்டு கூடவே இரும்புச்சத்து மாத்திரையும் போட்டால் சத்து உடம்பில் சேராது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள்.

வேலையை எப்போது நிறுத்துவது என்பது பணத்தின் கேள்வி. கம்பெனியில் வேலை செய்பவருக்குச் சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. வீட்டில் பீஸ் தைப்பவருக்கு அந்தச் சட்டம் கை கொடுப்பதில்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்குத் தொடக்கத்திலேயே பதிந்துவிடுங்கள். தையல் தொழிலாளர் நல வாரியத்தில் உறுப்பினராக இருந்தால் அங்கும் மகப்பேறு உதவி உண்டு. 28 வாரத்துக்குப் பிறகு தேதி சொல்லிப் பெரிய ஆர்டர் எடுக்காதீர்கள். ஒன்பதாம் மாதம் வளைகாப்பு என்று மண்டபம் சொல்லி வைப்பதும் வேண்டாம். அதற்குள் பிள்ளைகளே வந்துவிடலாம்!

பிறக்கும் முன் பிள்ளைக்குத் துணி தைக்கக் கூடாது என்பார்கள். அந்த நம்பிக்கையோடு நான் சண்டை போடுவதில்லை. பழைய காட்டன் சேலையைத் துவைத்து மடித்து வைத்தாலே போதும். ஆனால் அந்துருண்டை போட்ட பீரோவிலிருந்து எடுத்த துணி வேண்டாம். சில பிள்ளைகளுக்கு அதனால் ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகும். கையுறை, காலுறைக்குள் பிசிறு நூல் இருந்தால் விரலில் சுற்றி ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். தையல் மடிப்பு வெளிப்பக்கம் இருக்கட்டும். கடுகுத் தலையணை, தொட்டிலுக்கு ரிப்பன், பாசி எதுவும் தேவையில்லை.

கை சும்மா இருக்க மாட்டேன் என்றால் பனியன் துணியில் கங்காரு முறைக்கான கட்டுத்துணி இரண்டு தையுங்கள். எடை குறைந்த பிள்ளையை வெற்று மார்போடு அணைத்துக் கட்டிக்கொள்வது இன்று ஆஸ்பத்திரிகளிலேயே சொல்லித்தரும் சிகிச்சை. பிள்ளைகள் இரண்டு என்பதால் ஒன்று அப்பாவுக்கு. அவருடைய அளவை எடுத்துத் தையுங்கள், உங்கள் அளவில் தைத்தது அவருக்குச் சுற்றி வராது.