முட்டிச்சில்லுக்குக் கீழே ஒரு விரல் வைக்கும் இடம்

முட்டி வலி என்று வரும் கைப்பந்து ஆட்டக்காரரிடம் இடத்தைக் காட்டச் சொன்னால், பலர் ஒரே விரலால் முட்டிச்சில்லின் கீழ்முனையைத் தொடுவார்கள். காலை நீட்டித் தளரவிட்டு, சில்லின் மேல்விளிம்பை ஒரு கையால் அமுக்கினால் கீழ்முனை சற்று எழும்பி நிற்கும். அங்கே கட்டைவிரலை வைத்து அழுத்தும்போது ஆள் துள்ளினால், சில்லைக் கீழ்க்கால் எலும்போடு பிணைக்கும் தசைநாணைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். குதிப்பவர் முட்டி என்பது இதைத்தான். நார்வேயில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், உயர்மட்ட ஆண் கைப்பந்து ஆட்டக்காரர்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினருக்கு இது இருந்தது.

இதன் ஏமாற்று வேலை ஒன்று உண்டு. பயிற்சி தொடங்கும்போது வலிக்கும். உடம்பு சூடானதும் மறைந்துவிடும். 'சரியாகிவிட்டது' என்று இரண்டு மணி நேரம் குதிப்பார்கள். மறுநாள் காலையில் பிளாட் படிக்கட்டு இறங்கும்போதுதான் கணக்குத் தெரியும். ஆகவே ஆடும்போது வலித்ததா என்பதைவிட, 24 மணி நேரம் கழித்து எப்படி இருக்கிறது என்பதே முக்கியம்.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நன்றாக ஆடும் பிள்ளையை எல்லாரும் கேட்பார்கள்: பள்ளி, மாவட்டம், கிளப், பிறகு சுக்மா என்னும் மலேசிய விளையாட்டுப் போட்டிக்கு மாநில அணி. ஒவ்வொரு கோச்சும் தன் திடலில் குதித்த குதிப்பை மட்டுமே பார்க்கிறார். மொத்தத்தைக் கூட்டிப் பார்க்க ஆளில்லை. மாலையில் சிமெண்டுத் தளத்தில் ஆடுவது இன்னும் சுமை. அதிக உயரம் எழும்பும் திறமைசாலிக்கே இந்த வலி அதிகம் வருகிறது என்பதுதான் மனதை வருத்துகிறது. தம்பி, தங்கைகளே, ஸ்பைக், பிளாக், ஜம்ப் சர்வ் மூன்றையும் சேர்த்து நாளுக்கு எத்தனை முறை குதித்தீர்கள் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். எண்ணிக்கை ஒரே வாரத்தில் இரட்டிப்பானால் அதைக் கோச்சிடம் காட்டுங்கள்.

முழு ஓய்வு இதற்கு மருந்தாகாது. இரண்டு வாரம் படுத்திருந்தால் வலி அடங்கும், ஆனால் தசைநாணும் தொடையும் இன்னும் பலமிழக்கும். திரும்பிவந்த முதல் வாரத்திலேயே வலி பிடித்துக்கொள்ளும். வலிக்கும் இடத்தில் எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவதும் வேண்டாம். தசைநாணுக்குத் தேவை மெதுவான, கனமான சுமை. வலி கடுமையாக இருக்கும் நாட்களில் லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினில் முட்டியை 60 பாகை அளவுக்கு மடித்து, அசையாமல் 45 விநாடி தாங்குங்கள். இரண்டு நிமிடம் விட்டு, ஐந்து முறை. அடங்கியதும் வாரம் மூன்று நாள் லெக் பிரஸும் ஸ்குவாட்டும்: ஏற 3 விநாடி, இறங்க 4 விநாடி. எடையைக் கூட்டிக்கொண்டே 12 வாரமாவது போக வேண்டும். ஒற்றைக்கால் ஸ்குவாட்டுக்குச் சரிவுப் பலகை வாங்கத் தேவையில்லை. 45 செ.மீ. நீளமுள்ள உறுதியான பலகையின் ஒரு முனையை 19 செ.மீ. உயர்த்தி, வழுக்காமல் பொருத்தினால் 25 பாகைச் சரிவு கிடைக்கும். குதிகால் உயர்ந்த பக்கம் இருக்கட்டும். பத்துக்கு மூன்று வரை வலி வந்தால் பொறுக்கலாம். மறுநாள் கூடியிருந்தால் எடையைக் குறைக்க வேண்டும்.

குதிப்பைக் கடைசியில், ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்க்கலாம். வலக்கை ஸ்பைக்கர்கள் பலர் இடது காலில் ஒற்றையாகவே இறங்குகிறார்கள், பந்து தலைக்குப் பின்னால் போனால் இன்னும் மோசம். போனை வைத்துப் பத்து ஸ்பைக்கைப் பக்கவாட்டில் படம்பிடித்துப் பாருங்கள்.

போட்டி நெருங்கும்போது 'ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டால் போதும்' என்று யாராவது சொல்வார்கள். வலி சில வாரம் குறையலாம். தசைநாண் பலவீனமாகும் ஆபத்து உண்டு. மேலும், 2022 ஜனவரி 1 முதல் குளூகோகார்ட்டிகாய்டை (இந்த ஊசியில் இருக்கும் ஸ்டீராய்டு வகை) எந்த இடத்தில் ஊசியாகப் போட்டாலும் போட்டிக் காலத்தில் ஊக்கமருந்துத் தடைக்குள் வருகிறது. ஊசி போடுமுன் மருந்தின் பெயரை எழுதி வாங்கி, மலேசிய ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனமான அடாமாஸில் கேளுங்கள்.

கிளப் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இரண்டு வரியைத் தேடுங்கள்: காயத்தால் ஆடாத மாதங்களுக்குச் சம்பளம் உண்டா, ஸ்கேனுக்கும் பிசியோவுக்கும் யார் பணம் கட்டுவார்கள். இந்த முட்டி பழைய நிலைக்குத் திரும்ப ஆறு மாதமும் ஆகலாம். மூன்று மாதச் சிகிச்சைக்கு மட்டும் பணம் தரும் வரியைத் திருத்தச் சொல்லிக் கேளுங்கள்.