'கேஸ்தான்' என்று படுத்துவிடாதீர்கள்: பெண்களும் இதயம் காப்போம் திட்டமும்

வீட்டில் ஓர் ஆண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டால் உடனே ஆட்டோ வந்துவிடுகிறது. ஒரு பெண் "நெஞ்சு கரிக்குது, முதுகெல்லாம் வலிக்குது" என்றால் சோடா வருகிறது, ஓமத் தண்ணீர் வருகிறது. அந்தப் பெண்ணே "சமையலை முடிச்சிட்டுப் பார்த்துக்கலாம்" என்கிறார். உயிர் போவது இந்தத் தாமதத்தில்தான்.

மாரடைப்பில் பெண்களுக்கும் நெஞ்சு வலிதான் முதன்மையான அறிகுறி. ஆனால் மூச்சுத் திணறல், தாடை, கழுத்து, முதுகில் வலி, குமட்டல், குளிர்ந்த வியர்வை, என்றுமில்லாத அசதி ஆகியவை சேர்ந்து வருவது பெண்களிடம் அதிகம். சில நேரம் நெஞ்சு வலி இல்லாமல் இவை மட்டுமே வரும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே தெரியாமலும் போகலாம்.

தமிழக அரசு 2023 ஜூனில் தொடங்கிய இதயம் காப்போம் திட்டம், மாரடைப்பு தொடங்கிய முதல் மணி நேரத்துக்கானது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை காத்திருக்காமல், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் அவசர மாத்திரைகளைக் கொடுத்துவிடுகிறார்கள். மொத்தம் 14 மாத்திரைகள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டார்வாஸ்டாடின் 8. முதல் இரண்டும் ரத்தக்குழாயை அடைக்கும் ரத்தக்கட்டி மேலும் பெரிதாகாமல் தடுப்பவை. மூன்றாவது கொழுப்பைக் குறைத்து, குழாயின் உட்சுவரில் உள்ள படிவு மேலும் உடையாமல் காப்பது. எல்லாம் இலவசம்.

இதைப் படித்துவிட்டு மருந்துக் கடையில் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். வயிற்றுப்புண்ணில் ரத்தக் கசிவு உள்ளவர்களுக்கும் மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டவர்களுக்கும் ஆஸ்பிரின் ஆபத்து. பரிசோதித்துக் கேட்டுத்தான் தர வேண்டும்.

மாத்திரையோடு வேலை முடிவதில்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியோ, அடைத்த குழாயைப் பலூன் வைத்துத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியோ தேவைப்படும். நேரம் போகப்போக இதயத் தசை செத்துக்கொண்டே வரும். நிலையம் தொலைவு என்றாலோ, இரவு நேரம் என்றாலோ யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. தனியார் ஆஸ்பத்திரி என்றால் அது இத்திட்டத்தில் சேர்ந்ததாக இருக்க வேண்டும். குடும்ப உறுப்பினர்கள் யார் என்பதற்கு ரேஷன் அட்டைதான் ஆதாரம். கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் இன்னும் பிறந்த வீட்டு அட்டையிலேயே கிடந்தால், அவசரத்தில் அலைய நேரும். இந்த வாரமே அட்டையை எடுத்துப் பாருங்கள்.

நோய் வருமுன் காக்க, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் உண்டு. தன்னார்வலர் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பார். அவர் வரும்போது மாமனாருக்கும் கணவருக்கும் பார்க்கச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடும் பெண்கள் ஏராளம். நீங்களும் கையை நீட்டுங்கள். கர்ப்ப காலத்தில் பிரஷரோ சர்க்கரையோ இருந்திருந்தால், மாதவிடாய் 40 வயதுக்கு முன்பே நின்றிருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பிரசவத்தோடு பிரஷர் இறங்கியிருந்தாலும், பல ஆண்டுகள் கழித்து இதய நோய் வரும் வாய்ப்பு அவர்களுக்குக் கூடுதல். பழைய பிரசவச் சீட்டு இருந்தால் அதையும் எடுத்துக் காட்டுங்கள்.