200 கிலோமீட்டர் சைக்கிள்: அடக்கி வாசிப்பதன் கணக்கு

ஒரே நாளில் 200 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டப்போகிறேன் என்று யாரிடமாவது சொன்னால், அவர்கள் கண் முதலில் போவது உங்கள் தொடைக்குத்தான். அவ்வளவு தூரம் மிதிக்க எவ்வளவு பலம் வேண்டுமோ என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கு தப்பு. காற்று வீசாத சமதளத்தில், ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 25 கிலோமீட்டர் போகச் சுமார் 100 வாட் போதும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதிக்கிறவருக்கு இந்த 100 வாட் என்பது பெடலில் சராசரியாக ஏழு கிலோ எடை அளவுக்கு அழுத்துவதுதான், அதையும் இரண்டு காலும் மாறி மாறிப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆரோக்கியமான எந்தக் காலுக்கும் இது பெரிய சுமை இல்லை.

அப்புறம் ஏன் பலர் 150வது கிலோமீட்டரில் சாலையோரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்? எட்டு மணி நேரம், கிட்டத்தட்ட 38,000 சுற்று, அத்தனைக்கும் எரிபொருள் தடங்கல் இல்லாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த வரத்து எங்கேயோ அறுந்துபோகிறது. பெரும்பாலும் அதை அறுத்துவிட்டது காலையில் அவர்களே ஓட்டிய முதல் இரண்டு மணி நேரம்.

முதலில் விதியைப் பார்த்துவிடலாம், அதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. உலகம் முழுக்க நடக்கும் பிரெவே என்ற, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டங்களுக்கு விதி வகுப்பது ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற பிரெஞ்சு அமைப்பு. அவர்கள் கணக்கில் 200 கிலோமீட்டருக்கு 13 மணி நேரம் 30 நிமிடம், 300க்கு 20 மணி நேரம், 400க்கு 27, 600க்கு 40. வழியில் இருக்கும் சோதனைச் சாவடிகளில் அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டே போக வேண்டும், சாப்பிட நின்றாலும் பஞ்சர் ஒட்ட நின்றாலும் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். முதல் இடம், இரண்டாம் இடம் என்றெல்லாம் கிடையாது. அதாவது நின்றது போனது எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர் வந்தால் போதும், நீங்களும் முடித்தவர்தான். வேறு அமைப்புகள் நடத்தும் ஓட்டங்களில் நேரக் கணக்கு மாறும், ஆனால் உடம்பின் கணக்கு எங்கேயும் ஒன்றுதான்.

சரி, அந்த 100 வாட் எங்கே போகிறது? ஏறக்குறைய முக்கால் பங்கு காற்றைத் தள்ளுவதற்கு, மிச்சத்தில் பெரும்பகுதி டயர் நசுங்கி நசுங்கி உருள்வதற்கு. சங்கிலியும் பேரிங்கும் தின்பது கொசுறு. காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கமாகக் கூடும், அதை எதிர்த்துத் தள்ளத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாகக் கூடும். இதை ஏட்டில் படிக்கும்போது யாருக்கும் உறைப்பதில்லை, எண்ணாகப் பார்த்தால் உறைக்கும்: 25லிருந்து 30 கிலோமீட்டராக வேகத்தைக் கூட்டினால் 100 வாட் சுமார் 160 வாட் ஆகிவிடும். வேகம் கூடியது ஐந்தில் ஒரு பங்கு, செலவு கூடியது பாதிக்கும் மேல். காலையில் உடம்பு புதுசாக இருப்பதால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, அதுதான் இதில் இருக்கிற விஷமம்.

எதிர்காற்று இன்னும் அநியாயம். 100 கிலோமீட்டர் போய் அதே வழியில் திரும்பி வரும் பாதை, மணிக்கு 15 கிலோமீட்டர் காற்று போகும்போது முகத்தில், வரும்போது முதுகில் அடிக்கிறது என்று வையுங்கள். போகும்போது இழந்ததை வரும்போது பிடித்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அதே 100 வாட்டை விடாமல் மிதித்தால் போகும் வேகம் 17 கிலோமீட்டருக்கு இறங்கும், வரும் வேகம் கிட்டத்தட்ட 35க்கு ஏறும். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் லாபம் போலத் தெரிகிறது, இல்லையா? ஆனால் 17ல் போகும் பாதிக்கு ஆறு மணி நேரம் போய்விடுகிறது, 35ல் வரும் பாதிக்கு மூன்று மணி நேரம்கூட ஆகாது. மெதுவான பகுதியில்தான் நீங்கள் அதிக நேரம் இருக்கிறீர்கள். மொத்தத்தில் காற்றே இல்லாத நாளைவிட முக்கால் மணி நேரம் நஷ்டம். வீம்புக்கு எதிர்காற்றிலும் 25ஐப் பிடித்துக்கொண்டுதான் போவேன் என்றால் 210 வாட்டுக்கு மேல் வேண்டும், அது பலருக்கும் மணிக்கணக்கில் தாங்காது. எதிர்காற்றில் கியரை இறக்கிவிட்டு, ஸ்பீடோமீட்டரைப் பார்க்காமல் போவதுதான் புத்திசாலித்தனம்.

இதே கணக்கு கூட்டத்தில் தலைகீழாக வேலை செய்கிறது. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கு அரை மீட்டர் பின்னால் ஒட்டிக்கொண்டால், அவர் கிழித்துவிட்டுப் போன காற்றுக்குள் நீங்கள் போகிறீர்கள். உங்கள் மேல் விழும் காற்றெதிர்ப்பு மூன்றில் ஒரு பங்கு வரை குறையும், 160 வாட் கேட்ட 30 கிலோமீட்டர் வேகம் 115 வாட்டுக்குக் கிடைத்துவிடும். நல்ல கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் நாள் இனிமையாகப் போவது இதனால்தான். மாட்டிக்கொள்வது என்று தெரிந்தேதான் சொல்கிறேன், ஏனென்றால் உங்களைவிட வலுவான கூட்டம் என்றால் முதல் மேடு வரைதான் அந்தச் சலுகை. மேட்டில் வேகம் குறைந்ததும் காற்று ஒரு பொருட்டே இல்லை, புவியீர்ப்பு மட்டும்தான், அங்கே யார் முதுகுக்குப் பின்னாலும் ஒளிய முடியாது. ஆறு சதவீத ஏற்றத்தில் வெறும் 10 கிலோமீட்டர் வேகத்துக்கே 140 வாட்டுக்கு மேல் வேண்டும். அவர்களைவிட்டுப் பிரியக் கூடாது என்று 250 வாட்டில் ஏறுவீர்கள். அந்த ஐந்து நிமிடத்துக்கான பில் அப்போது வராது, மத்தியானம் வரும்.

ஏன் மத்தியானம் என்பதற்குத் தசைக்குள் போக வேண்டும். உடம்பில் எரிபொருள் இரண்டு வகையாக இருக்கிறது. கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு தசைகளில் 300 முதல் 500 கிராம், கல்லீரலில் ஒரு 100 கிராம், எல்லாம் சேர்த்து 2,000 கிலோ கலோரி பக்கம். இன்னொன்று கொழுப்பு. ஒல்லியானவர் உடம்பிலும் சில கிலோ இருக்கும், கிலோவுக்கு சுமாராக 9,000 கிலோ கலோரி என்று பார்த்தால் வாரக்கணக்கில் மிதிக்கலாம். ஆனால் குதிர் நிறைய நெல் இருந்தாலும் அடியில் இருக்கும் துளை சின்னது என்பது மாதிரிதான் இதுவும். கொழுப்பை உடைத்து, ரத்தத்தில் ஏற்றி, தசைச் செல்லுக்குள் கொண்டுபோய், ஆக்சிஜன் நிறையச் செலவழித்து எரிக்க வேண்டும். நிதானமான வேகத்தில் பலருக்கும் அது நிமிடத்துக்கு அரை கிராம் அளவில்தான் நடக்கிறது. உடனடியாக அதிகம் வேண்டும் என்று கேட்டால் தசை கொழுப்பைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு கிளைகோஜனை எடுத்துவிடும்.

100 வாட்டில் ஓட்டும்போது மணிக்குச் சுமார் 370 கிலோ கலோரி செலவாகிறது. உடம்பு இயந்திரத்தின் செயல்திறன் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு, அதனால்தான் பெடலுக்குப் போவதைப்போல நான்கு மடங்குக்கு மேல் எரிக்க வேண்டியிருக்கிறது. அந்த 370ல் பாதியைக் கொழுப்பே தந்துவிடும், மாவுச்சத்து மணிக்கு 45 கிராம் போல எரியும். வழியில் சாப்பிட்டுக்கொண்டே போனால் சேமிப்பைத் தொடக்கூட வேண்டியதில்லை. 160 வாட்டுக்குப் போனால் மொத்தச் செலவு 600ஐத் தொடும், கொழுப்பின் பங்கு சுருங்கும், மாவுச்சத்து மணிக்கு 100 கிராம் பக்கம் கரையும். சாப்பிடாமல் போனால் நான்கைந்து மணி நேரத்தில் பெட்டி காலி. ஆளுக்கு ஆள், பயிற்சிக்குப் பயிற்சி இந்த எண்கள் மாறும், போக்கு மாறாது.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. தசையில் இருக்கும் கிளைகோஜன் அந்தத் தசைக்கு மட்டும்தான் சொந்தம். குளுக்கோஸாக மாற்றி ரத்தத்தில் விடுவதற்கான நொதி தசையில் கிடையாது, கல்லீரலில் உண்டு. ஆகவே தோள்பட்டையில் இருக்கும் கிளைகோஜன் தொடைக்கு உதவாது, மூளைக்கும் உதவாது. மூளைக்கான குளுக்கோஸைச் சாப்பாட்டு இடைவெளியில் தருவது கல்லீரலின் அந்த 100 கிராம்தான், அதைத்தான் தொடையும் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அது தீர்ந்து ரத்தச் சர்க்கரை சரியும்போது நடப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் வேடிக்கையாகவும் பயமாகவும் இருக்கும். கால் வலிக்கிறது என்று அவர் சொல்லமாட்டார். அடுத்த திருப்பம் இடமா வலமா என்று கேட்பார், சொன்னால் மறுபடியும் கேட்பார். 40 கிலோமீட்டர் மீதி இருந்தால் எத்தனை மணி நேரம் ஆகும் என்ற சாதாரண வகுத்தல் வராது. காரணமில்லாமல் எரிச்சல் வரும். குளிர்ந்த வியர்வை, நடுங்கும் விரல்கள், பாக்கெட்டில் இருக்கும் இனிப்பைப் பிரிக்கவே தடுமாறுவார். சைக்கிள்காரர்கள் ‘போங்க்’ (bonk) ஆகிவிட்டார், அதாவது எரிபொருள் தீர்ந்து படுத்துவிட்டார் என்பார்கள். பத்திருபது நிமிடம் உட்காரவைத்து சர்க்கரை உள்ளே போனதும் மூளை திரும்பி வந்துவிடும், காலிப் பெட்டியான தொடை அவ்வளவு சீக்கிரம் திரும்பாது.

அப்படியானால் சாப்பிட்டுச் சரிக்கட்டலாமே? குடலுக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. குடல் சுவரில் குளுக்கோஸை உள்ளே இழுக்கும் கடத்திகள் மணிக்கு 60 கிராம் அளவில் நிரம்பிவிடும். பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸ் வேறு வாசல் வழியாகப் போகிறது, இரண்டையும் கலந்து எடுத்தால் 90 கிராம் வரை ஏற்றலாம், அதற்கும் குடலைப் பழக்கியிருக்க வேண்டும். 100 வாட்காரருக்கு மணிக்கு 40 முதல் 60 கிராம் போதும், பசிக்கும் முன்பே, முதல் மணி நேரத்திலிருந்தே. வேகமாகப் போகிறவருக்கோ இரட்டை அடி. கடுமையாக மிதிக்கும்போது உடம்பு ரத்தத்தைத் தசைக்கும் தோலுக்கும் திருப்பிவிடுகிறது, வயிற்றுக்குப் போவது குறைகிறது. சாப்பிட்டது அப்படியே தங்கும், குமட்டும், அடுத்த வாய் இறங்காது. செலவைக் கூட்டிய அதே வேகம் வரவையும் அடைத்துவிடுகிறது.

அடுத்து சூடு. 100 வாட் பெடலுக்குப் போகும்போது 300 வாட்டுக்கு மேல் வெறும் சூடாகவே வெளியேற வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது 2,400 கிலோ ஜூல் எடுத்துக்கொண்டு போகும், ஆகவே கணக்குப்படி மணிக்கு அரை லிட்டர் ஆவியானாலே போதும். சொட்டிக் கீழே விழும் வியர்வைக்குக் கணக்கில் இடமில்லை, அது குளிர்விக்காது. சமதளத்தில் நாமே உண்டாக்கும் 25 கிலோமீட்டர் காற்று வியர்வையை உலர்த்திவிடுவதால் எவ்வளவு வியர்க்கிறது என்றே தெரியாது, மேடு ஏறும்போது சூடு கூடி காற்று பாதிக்கும் கீழே போவதால் திடீரென்று ஊற்றுகிறது. தண்ணீர் குறைந்தால் ரத்தத்தின் அளவு குறையும், இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் கம்மியாகத்தான் தள்ள முடியும், அதனால் துடிப்பைக் கூட்டும். அதே வேகத்தில் காலையில் 125 காட்டிய துடிப்பு மத்தியானம் 140 காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள்.

இதைக் கேட்டு லிட்டர் லிட்டராகக் குடிப்பவர்களும் உண்டு, அது நேர்மாறான ஆபத்து. ஒரு லிட்டர் வியர்வையில் அரை கிராமிலிருந்து ஒன்றரை கிராம் வரை சோடியம் போகிறது. இழந்ததைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், விரல்கள் வீங்கும், தலைவலி, வாந்தி, குழப்பம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். நாள் முழுக்க ஓட்டிவிட்டு எடை கூடி வந்தால் அது நல்ல அறிகுறி இல்லை. தாகத்துக்குக் குடியுங்கள், உப்புள்ளதைச் சாப்பிடுங்கள்.

உடம்பு சைக்கிளைத் தொடும் இடங்களைப் பற்றிச் சுருக்கமாக. சீட் ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் 20 கிலோமீட்டரில் தெரியாது, அத்தனை ஆயிரம் சுற்றில் முட்டியின் முன்பக்கம் பேசும். பஞ்சு மெத்தை மாதிரி சீட் வாங்காதீர்கள், இருக்கை எலும்புகள் அதற்குள் அமிழ்ந்து நடுவில் இருக்கும் நரம்பும் ரத்தக்குழாயும் நசுங்கும். உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கமாக ஒரு நரம்பு மேலாக ஓடுகிறது. மணிக்கணக்கில் ஹேண்டில்பாரில் அதன் மேல் எடையைப் போட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும், சிலருக்குச் சட்டைப் பொத்தான் போடவே சில நாள் திணறல் இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். டயர் ஒல்லியாகவும் கல் மாதிரி இறுக்கமாகவும் இருக்க வேண்டும் என்பதெல்லாம் பழைய கதை, கரடுமுரடான சாலையில் 28 அல்லது 32 மில்லிமீட்டர் டயரில் கொஞ்சம் காற்றைக் குறைத்து ஓட்டினால் உடம்பு அதிர்ந்து வீணாகும் சக்தி மிச்சம்.

கடைசியாக, நிற்கும் நேரம். எட்டு மணி நேர ஓட்டத்தில் 20 நிமிடத்தை வேகத்தால் மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் நாள் முழுக்கப் பத்து சதவீதத்துக்கு மேல் அதிகமாக மிதிக்க வேண்டும். அதே 20 நிமிடத்தை நான்கு சாவடிகளில் ஐந்தைந்து நிமிடம் சீக்கிரம் கிளம்பினால் ஒரு சொட்டு கிளைகோஜன்கூட செலவழிக்காமல் எடுத்துவிடலாம். முத்திரை, தண்ணீர், கழிப்பறை, இரண்டு வாய் கையில், மிச்சத்தை சைக்கிளில் போய்க்கொண்டே மெல்லலாம்.