வேன் வந்தால் போதாது, ஓர் இரவு தங்க வேண்டும்

நாகப்பட்டினம் பக்கம் லாட்ஜ், மெஸ், வேன் வைத்திருப்பவர்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை அறை கிடைக்காது, சரி. அப்புறம் சாதாரண வார நாட்களில் பாதி அறை பூட்டியே கிடக்கும், கடனுக்கு வட்டி மட்டும் பன்னிரண்டு மாதமும் ஓடும்.

வெளியூர் வேன்கள் பல காலையில் பூம்புகார், மதியம் தரங்கம்பாடி, சாயங்காலம் நாகூர், ராத்திரி வேளாங்கண்ணி என்று ஒரே மூச்சில் சுற்றிவிட்டு, கட்டிவந்த புளிசாதத்தைச் சாப்பிட்டு, விடியுமுன் கிளம்பிவிடுகின்றன. அவர்கள்மேல் குறையில்லை. ஆனால் டீக்கும் பார்க்கிங்குக்கும் கொடுத்ததுதான் ஊருக்கு மிச்சம். அதே குடும்பம் ஓர் இரவு தங்கினால் அறை வாடகை, மெஸ் சாப்பாடு, அந்த மெஸ்ஸுக்கு மீன் போடும் அம்மா, படுக்கை விரிப்பு துவைப்பவர், ஆட்டோக்காரர் என்று பணம் கைமாறிக்கொண்டே போகும். எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் எண்ணினால் இது தெரியாது.

தங்குவதற்கா இங்கே காரணம் இல்லை? 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை தரங்கம்பாடியில் இருக்கிறது, 1706-இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கியதும் அங்கேதான். எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் ஜனங்கள் செல்ஃபியோடு திரும்புகிறார்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய்வரவே அரை நாள் வேண்டும். குளிர்காலத்தில் கோடியக்கரைக்குப் பூநாரைகள் வருகின்றன, அவற்றைப் பார்க்க விடிகாலையில் அங்கே நிற்க வேண்டும், அதற்கு முந்தின இரவே பக்கத்தில் தங்கியாக வேண்டும். லாட்ஜ்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நாளைக் காலை எங்கே போகலாம், எப்படிப் போகலாம் என்று ஒரு தாளில் எழுதி வரவேற்பறையில் ஒட்டுங்கள்.

இன்னொன்று இதைவிட முக்கியம். கைமாறும் இந்தப் பணத்தில் பெரும்பகுதி எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கடற்கரைக் கடைக்காரர்கள் பலரிடம் தங்கள் வியாபாரம் எவ்வளவு என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை, கடன் கேட்டுப் போனவர்களை வங்கியில் எதை வைத்து நம்புவார்கள்? பஜ்ஜிக் கடையானாலும் தினமும் வரவு செலவை நோட்டில் எழுதுங்கள், ஜிபேயில் வரும் பணத்தை ஒரே வங்கிக் கணக்கில் வாங்குங்கள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆதாரை வைத்து இணையத்தில் நீங்களே செய்யலாம், அதற்குப் புரோக்கரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.